கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வளர்ப்பு வெளியீடு: சுங்கை சிப்புட்டிலிருந்து முழு வழிகாட்டி

சின்னவளுக்கு ஒன்பதாவது மாத ஊசி போட மலேசியாவின் சுங்கை சிப்புட் அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. மடியில் பேரன், கையில் மலாயில் அச்சடித்த சீட்டு. "தாயி, இதுல தெமுஜான்ஜின்னு போட்டிருக்கே, அடுத்து எந்தத் தேதிக்கு வரச் சொல்றாங்க?" என்று கேட்டார். மகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகல் முழுக்கப் பேரன் பாட்டியிடம்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர், தமிழைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். தேதியைச் சொன்னேன். பதிலுக்கு அவர், என் மகளுக்கு வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொன்னார்.

இந்த வழிகாட்டியில் இருப்பதெல்லாம் அந்த நாற்காலியில் தொடங்கியதுதான். எனக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவனுக்கு ஆறு வயது. இதுவரை நான்கு சிறு வெளியீடுகள் கொண்டுவந்திருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் ஒன்று தொடங்க நினைத்தால், நான் இடறிய இடங்களில் நீங்களும் இடற வேண்டியதில்லை.

முதல் படி: பிள்ளை பகலில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

பிள்ளை வளர்ப்பு என்றதும் இளம் தாயை மனதில் வைத்து எழுதத் தோன்றும். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன். அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளை பாட்டியிடம் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வரிசை வீடுகளை விட்டுக் குடும்பங்கள் தாமானுக்கு வந்த பிறகு, ஆயா வேலை பாட்டிகளின் தலையில் விழுந்துவிட்டது. (வெளியீட்டுக்கு 'ஆயாக் கொட்டகை' என்றே பெயர் வைக்க எனக்கு ஆசை. "அந்தப் பேர்ல வந்தா காசு குடுத்து யாரு வாங்குவா?" என்று மாமியார் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.)

வாசகர் பாட்டி என்று தெரிந்ததும் பல முடிவுகள் தாமாகவே வந்தன. அச்சில்தான் வரவேண்டும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. 'டயப்பர்' என்று எழுதினால் புரியும், 'பம்பர்ஸ்' என்று எழுதினால் உடனே புரியும். வெளியூரில் இருக்கும் மகள் கேட்பதற்காக ஒவ்வொரு கட்டுரையையும் நானே வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறேன், ஆனால் அது பக்கவாத்தியம்தான்.

இரண்டாம் படி: மணியைக் கணக்குப் போடுங்கள்

எழுத உட்காரும் முன் இதைச் செய்யாதவர்கள் இரண்டாவது இதழோடு நின்றுவிடுகிறார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோனது. அதற்குக் காரணங்கள் வேறு, ஆனாலும் இந்த நாட்டில் தமிழ் அச்சு சுலபமான தொழில் இல்லை என்பதற்கு அது போதும்.

என் கணக்கு இது. பிள்ளைகள் தூங்க இரவு எட்டரை ஆகும். பாத்திரம் கழுவி, மறுநாள் பள்ளிச் சட்டையைத் தேய்த்து வைத்தால் ஒன்பது. பத்தரைக்கு மேல் கண் எரியும். ஆக ஓர் இரவுக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் நான்கு இரவு, மொத்தம் ஆறு மணி. மூன்று மாதம் என்றால் 12 வாரம், 72 மணி. அதில் மூன்றில் ஒரு பங்கைக் காய்ச்சல், வாந்தி, உறவுக்காரர் கல்யாணம் என்று அப்படியே வெட்டிவிடுங்கள். மீதி 48.

நான் ஒரு பக்கத்தை எழுதி, தட்டச்சு செய்து, திருத்தி முடிக்க இரண்டு மணி ஆகிறது. 16 பக்கத்துக்கு 32 மணி. பக்கம் கட்ட எட்டு மணி, கடைகளுக்குக் கொண்டுபோகவும் விளம்பரம் கேட்கவும் எட்டு மணி. சரியாக 48. அதனால்தான் எங்கள் வெளியீடு மூன்று மாதத்துக்கு ஒன்று, 16 பக்கம். மாதம் ஒன்று என்று நண்பர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அவர்கள் யாருக்கும் கைக்குழந்தை இல்லை.

கணவருக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அவர் பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துப் போவார் என்று பேசி வைத்தோம். அந்த நேரத்தை நான் 48-இல் சேர்க்கவில்லை. அது கையிருப்பு. 2023 ஜனவரியிலிருந்து தனியார் துறையில் தாய்மாருக்கு 98 நாள் பிரசவ விடுப்பு, தந்தைமாருக்கு 7 நாள் விடுப்பு என்று சட்டம் மாறியிருக்கிறது. பேறுகாலத்தில் இருப்பவர் யாராவது 'இந்த 98 நாளில் இதழ் தொடங்கிவிடலாம்' என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். அந்த நாட்களில் ஒரு நோட்டில் குறிப்பு எழுதி வைத்தால் போதும். பத்தியச் சாப்பாட்டில் இருக்கும்போது தோன்றும் கேள்விகள் பிறகு எப்போதும் அவ்வளவு கூர்மையாகத் தோன்றாது.

மூன்றாம் படி: சட்டம்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி, கால இதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். இலவசமாகக் கொடுத்தாலும், ஒழுங்கான இடைவெளி இல்லாமல் வந்தாலும் அது கால இதழாகவே கருதப்படலாம். உரிமமில்லாமல் நடத்தினால் மூன்று ஆண்டுவரை சிறை, 20,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2012-இல் வந்த திருத்தத்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லை போனது. உரிமம் வாங்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

நாங்கள் முதல் ஆண்டில் இதழாகத் தொடங்கவில்லை. ஒவ்வொன்றும் தனித் தலைப்பு கொண்ட சிறுநூல், ஒவ்வொன்றுக்கும் தேசிய நூலகத்திடமிருந்து தனி ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண். உங்கள் திட்டம் நூலா, கால இதழா என்ற சந்தேகம் இருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே அமைச்சுக்கு எழுதிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போவதால் நாங்களும் எழுதிக் கேட்டுத்தான் செய்தோம். இப்போது உரிமத்துக்கான தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

எதுவாக இருந்தாலும் அச்சிடுபவரின் பெயர் முகவரியும், வெளியிடுபவரின் பெயர் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும். விற்கப் போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்கள் ஆணையத்தில்) தொழிலைப் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். நான் 60 கட்டினேன். வீட்டுப் பெயரும் வெளியீட்டுப் பெயரும் கலக்காமல் இருப்பது கணக்கெழுத வசதி.

நான்காம் படி: என்ன எழுதுவது

தலைப்புக்காக யோசிக்க வேண்டாம். கிளினிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வெளியீட்டுக்கான கேள்வி கிடைக்கும். ஏன் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் ஊசியை ஒன்பது மாதத்தில் ஒன்றும் பன்னிரண்டு மாதத்தில் ஒன்றும் என்று இரண்டு தடவை போடுகிறார்கள்? பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற என்சைமுக்குச் சோதனை செய்கிறார்களே, அது எதற்கு? அந்தக் கேள்விக்கு எழுதிய பக்கம்தான் எங்களுக்கு அதிகம் பேசப்பட்டது. காரணம் அந்துருண்டை. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ஆகாது, இரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். நம் வீடுகளிலோ மூத்த பிள்ளையின் சட்டைகளை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்து, அடுத்த குழந்தை பிறந்ததும் எடுத்து மாட்டிவிடுகிறோம். அதைப் படித்த ஒரு பாட்டி பெட்டியிலிருந்த துணி முழுவதையும் துவைத்து வேலி நெடுகக் காயப் போட்டிருந்தார். அந்த வழியாகப் போனபோது பார்த்தேன்.

பாட்டிகளிடம் சண்டை போடாமல் எழுதுவது எப்படி என்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. நாலு பிள்ளைகளை அதைக் கொடுத்து வளர்த்தவரிடம் போய் 'விஷம்' என்று எழுதினால் தாளை மடித்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் போட்டுவிடுவார். அதனால் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கம் பாட்டி சொன்னது, வலப்பக்கம் மிஸ்ஸி (கிளினிக் நர்ஸ்) சொன்னது. நல்லெண்ணெய் தேய்த்துக் கால் நீவுவதற்கு மிஸ்ஸியும் சரி என்கிறார், எண்ணெயை மூக்கிலும் காதிலும் விடாதவரை. சாம்பிராணி என்றால் புகை குழந்தையின் முகத்துக்கு வரக் கூடாது. சேனை தொட்டு வைக்கத் தேன் என்றால் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனில் இருக்கக்கூடிய கிருமியால் பொட்டுலிசம் என்ற நோய் வரலாம், அது தசையைச் செயலிழக்க வைக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. இதைக் காரணத்தோடு சொன்னால் பாட்டிகள் கேட்கிறார்கள். கட்டளையாகச் சொன்னால் கேட்பதில்லை, நானும் கேட்க மாட்டேன்.

எழுதி முடித்ததை மருத்துவம் தெரிந்த ஒருவர் வாசிக்காமல் அச்சுக்கு விடாதீர்கள். இரண்டாவது வெளியீட்டில் காய்ச்சல் மருந்து பற்றி 'ஒரு தேக்கரண்டி' என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்த மருந்தாளர் எங்கள் வீட்டு அலமாரியிலிருந்த போத்தல்களை எடுத்து வரச் சொன்னார். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் பாரசிட்டமால், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். அதே தேக்கரண்டி, இரண்டு மடங்குக்கு மேல் மருந்து. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பக்கங்களில் மருந்தின் அளவு வருவதில்லை. பிள்ளையின் எடையைச் சொல்லி, போத்தலைக் காட்டி, மருந்துக்கடையில் கேளுங்கள் என்று மட்டும் எழுதுகிறோம்.

அரசாங்க மிஸ்ஸியோ டாக்டரோ உதவினால், அவர்கள் பெயரைப் போடும் முன் மேலிடத்து அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சங்கடத்தில் மாட்ட நாம் காரணமாக இருக்கக் கூடாது.

கடைசிப் பக்கத்தில் கிளினிக் சொற்கள். தெமுஜான்ஜி என்றால் மறுபடி வரவேண்டிய நாள், சுந்திக்கான் என்றால் ஊசி, பெராட் படான் என்றால் எடை, டெமாம் கூனிங் என்றால் மஞ்சள் காமாலை. இது ஒரு மணி நேரத்தில் எழுதிய பக்கம். வெட்டி எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருப்பது இதைத்தான். மற்ற பக்கங்களுக்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் கொஞ்சம் பொறாமைகூட வரும்.

ஐந்தாம் படி: சொந்தப் பிள்ளையை எழுதுவது

முதல் வெளியீட்டில் மூத்தவன் படுக்கையை நனைப்பது பற்றி, அவன் பெயரைப் போட்டு, சிரிப்பாக எழுதினேன். எல்லாரும் ரசித்தார்கள். இரண்டு வாரம் கழித்து மளிகைக் கடையில் ஒருவர் அவனைப் பார்த்து, "என்னடா தம்பி, இன்னைக்குக் காஞ்சிருக்கா?" என்றார். அவன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. ராத்திரி, "அம்மா, அந்தப் புத்தகத்துல என்னைப் போடாதீங்க" என்றான்.

போடுவதில்லை. இப்போது 'ஒரு பையன்' என்று எழுதுகிறேன், அதையும் அவனிடம் வாசித்துக் காட்டிவிட்டு. மற்றவர் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். படம் எடுக்கப் பெற்றோரின் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிச் சட்டையும் பெயர்ப்பட்டையும் படத்தில் தெரிய வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை அடிபடுவதாக உங்களிடம் சொல்ல வந்தால், அது கட்டுரைக்கான செய்தி இல்லை. அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999. அந்த எண்ணை ஒவ்வொரு வெளியீட்டிலும் உள்ளட்டையில் போடுகிறோம்.

ஆறாம் படி: பக்கம் கட்டுவதும் அச்சும்

ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம். ஆகவே பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே வரும், 12, 16, 20 என்று. நான் முதலில் 18 பக்கம் எழுதிக் கொண்டுபோய் அசடு வழிந்தேன். 16 பக்கத்துக்கு நான்கு தாள், நடுவில் இரண்டு பின். மேலட்டை மட்டும் வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை என்றால் செலவு கையைக் கடிக்காது.

தமிழ் எழுத்துருதான் பெரிய பொறி. முதல் தடவை வேர்டு கோப்பாக ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் கட்டு வாங்கப் போனால் 200 பிரதியும் தயார். மேலே ஒன்றைப் பிரித்தேன். அவர்கள் கணினியில் என் எழுத்துரு இல்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வட்டம். 'கொடுக்காதீர்கள்' என்ற சொல் பக்கம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். தப்பு பாதி என்னுடையது, மாதிரிப் பிரதி பார்க்காமல் ஆர்டர் கொடுத்தேன். காசு முழுதும் என்னுடையது. அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் மூத்தவன் இன்னமும் படம் வரைகிறான்.

செய்ய வேண்டியது சுலபம். யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் பலருக்குப் பழக்கம், கைப்பேசியில் தட்டச்சு செய்யச் செல்லினம் இருக்கிறது. நான் பாதிக் கட்டுரையைச் செல்லினத்தில், பால் கொடுத்துக்கொண்டே ஒரு கட்டை விரலால் தட்டியிருக்கிறேன். எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பாக மட்டும் கொடுங்கள். பக்கம் கட்ட இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அங்கேயும் கொம்பு இடம் மாறும். கடைசியாக, ஒரே ஒரு பிரதி அடித்து, அதைக் கடையிலேயே நின்று முழுவதும் வாசித்துவிட்டு, அப்புறம் 'சரி, போடுங்க' என்று சொல்லுங்கள். குழந்தை அழுதாலும் வாசியுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் என் மாமியாரிடம் ஒரு பிரதி கொடுப்பேன். அத்தை பேனா எடுக்க மாட்டார். வாசித்துக்கொண்டே வரும்போது எங்கே நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறாரோ அந்த வரியை நான் திருத்துவேன்.

ஏழாம் படி: காசு

விளம்பரம் கேட்க வெட்கப்பட வேண்டாம். தையல் கடை, பூசைச் சாமான் கடை, வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் அக்கா, பாலர் பள்ளி எல்லாரும் கொடுப்பார்கள், தீபாவளிக்கு முந்திய வெளியீட்டில் இன்னும் தாராளமாக.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இரண்டு உண்டு. ஒன்று குழந்தைப் பால்மாவு. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களைப் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1981-இல் வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறியும் சொல்கிறது, நம் சுகாதார அமைச்சின் நெறிமுறையும் சொல்கிறது. இரண்டாவது மருந்து. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி மருந்து விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற விளம்பரத்தில் கேகேஎல்ஐயு என்று தொடங்கும் எண் இருக்கும். எண் இல்லாமல் 'பிள்ளைக்குப் பசி எடுக்கும் லேகியம்' என்று வந்த ஒரு விளம்பரத்தை முழுப் பக்கக் காசோடு திருப்பி அனுப்பினேன். அந்த மாதம் அச்சுச் செலவில் பாதியை என் கணவர் சம்பளத்திலிருந்துதான் கட்டினோம். அதற்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது.

விலை வைத்து விற்பது நல்லது. இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியதை மக்கள் வாசிக்கிறார்கள், இலவசமாக வந்ததில் வடை மடிக்கிறார்கள். மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, கோவில் அலுவலகம் என்று இடத்துக்குப் பத்துப் பிரதி வையுங்கள். விற்றதற்குக் காசு, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரருக்குப் பிரதிக்கு 40 சென். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

எப்போது கடையில் வைப்பது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்வதால், 8-ஆம் தேதியிலிருந்து மளிகைக் கடையில் கூட்டம் இருக்கும். 25-ஆம் தேதி வைத்த கட்டு அப்படியே திரும்பி வந்தது, அடுத்த முறை 9-ஆம் தேதி வைத்தேன், ஒரு வாரத்தில் தீர்ந்தது.

எட்டாம் படி: வெளிவந்த பிறகு

நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். அச்சுக்கடையிலிருந்து வந்த அன்றே ஐந்தை எடுத்து உறையில் போட்டு முகவரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பிரதிவரை விற்றுவிட்டுத் தவிப்பீர்கள்.

அடுத்த வெளியீட்டின் தேதியை எங்கேயும் அச்சடிக்காதீர்கள். மூன்றாவதில் நான் அடித்துவிட்டேன். சின்னவளுக்குக் கை, கால், வாய்ப் புண் நோய் வந்து, அது மூத்தவனுக்கும் ஒட்டி, மூன்று வாரம் ஒரு வரி எழுத முடியவில்லை. கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது பின்னட்டையில் 'அடுத்தது: பல் முளைக்கும் காலம்' என்று தலைப்பை மட்டும் போடுகிறோம். தலைப்பைப் பார்த்தே கிளினிக்கில் அந்தப் பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். பேரனுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டதாம், மேலே எப்போது வரும், அதற்குள் புத்தகம் வந்துவிடுமா என்று கேட்டார். பல் முந்திக்கொள்ளும் என்றேன்.